மாலத்தீவில் விருந்தினராக இருப்பது

மாலத்தீவு ஏறத்தாழ 1,190 தீவுகளைக் கொண்ட நாடு. அவற்றில் 190 அளவிலான தீவுகளில்தான் ஊர்கள் இருக்கின்றன. 150-க்கும் மேற்பட்ட தீவுகள் முழுமையாக ரிசார்ட்டுகளாகிவிட்டன. ஒரு தீவு என்றால் அதில் ஒரே ஒரு விடுதி. பள்ளிக்கூடம், கடைத்தெரு, கபர்ஸ்தான் என்று ஊருக்குரிய எதுவும் அங்கே கிடையாது. சொகுசு விடுமுறைக்காக முதன்முறை செல்லும் ஒருவர் பணம் கொடுத்துப் பெறுவது இந்தத் தனிமையைத்தான். உள்ளூர் மக்களின் வாழ்க்கை கண்ணில் படாதபடி கடலால் வேலியிடப்பட்ட இன்பம் அது. இதில் பழமையான ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. விருந்தளிப்பவர் கண்ணில் படாத இடத்தில் ஒருவர் உண்மையில் விருந்தினராக இருக்க முடியுமா? முடியும் என்றால், கட்டணம் செலுத்தியதோடு அவர் கடமை முடிந்துவிடுகிறதா? எந்த மாதம் போவது என்பதிலிருந்து எந்த அறையில் தங்குவது என்பது வரை, பயணத் திட்டத்தின் ஒவ்வொரு முடிவும் இந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு பதிலைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

இந்த ஏற்பாடு திட்டமிட்டு உருவாக்கப்பட்டது. 1972-இல் தலைநகர் மாலே அருகே ஆளில்லாத விஹமனாஃபுஷி தீவில் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறக்கப்பட்டது. பவளக்கல் சுவரும் ஓலைக் கூரையும் கொண்ட எளிய அறைகள்; வந்தவர்களில் பலர் இத்தாலியர்கள். அடுத்த பத்தாண்டுகளில் அரசு ஒரு கொள்கையை வகுத்தது: ரிசார்ட்டுகள் ஆளில்லாத தீவுகளில் மட்டுமே அமைய வேண்டும்; வெளிநாட்டுப் பயணிகள் ஊர்த் தீவுகளில் இஷ்டம்போல் தங்கக் கூடாது. கட்டடங்கள் தென்னை உயரத்துக்கு மேல் எழக் கூடாது, தீவின் பரப்பில் சிறு பகுதியில்தான் கட்டலாம் என்ற விதிகளும் சேர்ந்தன. அழகைக் காத்த விதிகள் இவை. அதே சமயம், ஒரு சமூகம் தன் பிழைப்பையும் தன் நம்பிக்கையையும் வெவ்வேறு தீவுகளில் வைத்துக்கொள்ள வழி செய்த விதிகளும் இவையே.

நம்பிக்கை என்பது இங்கே அரசியல் சட்டத்தின் பகுதி. 12-ஆம் நூற்றாண்டில் பௌத்த அரசர் இஸ்லாத்தைத் தழுவியதிலிருந்து மாலத்தீவு முஸ்லிம் நாடாக இருந்து வருகிறது. 2008-ஆம் ஆண்டின் அரசியல் சட்டப்படி முஸ்லிம் அல்லாதவர் குடிமகனாக முடியாது. மதுவும் பன்றி இறைச்சியும் ஊர்த் தீவுகளில் தடை. ரிசார்ட் தீவுகளில் இரண்டும் பரிமாறப்படுகின்றன. விமான நிலையச் சுங்கத்தில் பயணியின் பெட்டியில் மதுப்புட்டி இருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுக்கிறார்கள். வழிபாட்டுக்கான சிலைகளும் தடைப்பட்டியலில் உண்டு என்பதை இந்தியாவிலிருந்து செல்பவர்கள் பலர் அறிவதில்லை. பூஜைக்குச் சிறு விக்கிரகம் எடுத்துச் செல்லும் பழக்கமுள்ளவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே நாட்டில், ஒரே கடலில், அரைமணி நேரப் படகுப் பயண இடைவெளியில் இரண்டு ஒழுக்க விதிகள் நடப்பில் இருப்பதைச் சிலர் போலித்தனம் என்கிறார்கள். அந்த விமர்சனம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. 2011 டிசம்பரில் இஸ்லாத்தைக் காக்கக் கோரி மாலேயில் நடந்த பெரிய போராட்டத்துக்குப் பின் ரிசார்ட்டுகளின் மசாஜ் நிலையங்களை மூடும்படி அரசு உத்தரவிட்டது. சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. மது இறக்குமதி மார்க்கத்துக்கு உடன்பட்டதா என்று உச்ச நீதிமன்றத்திடம் கருத்தும் கேட்கப்பட்டது. நீதிமன்றம் அதில் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டது. விடை சொல்லப்படாத இந்தக் கேள்வியின் மேல்தான் நாட்டின் முதன்மையான வருவாய் நிற்கிறது. இதைப் போலித்தனம் என்று ஒதுக்குவதைவிட, சிறிய நாடு ஒன்று தன் சமயத்துக்கும் வயிற்றுக்கும் இடையே செய்துகொண்ட கடினமான உடன்பாடு என்று புரிந்துகொள்வதே நியாயம். ஆனால் பிற சமயத்தவர் வெளிப்படையாக வழிபட முடியாத சட்டத்தை நியாயம் என்று விருந்தினர் ஏற்க வேண்டியதில்லை. வந்த வீட்டின் விதியை மீறாமல் இருப்பது ஒன்று. அந்த விதியைப் பற்றித் தன் மனசாட்சியின் தீர்ப்பை மாற்றிக்கொள்வது வேறொன்று. முதலாவது விருந்தினரின் கடமை. இரண்டாவதை யாரும் அவரிடம் கேட்க முடியாது.

விருந்தோம்பலைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் விருந்தளிப்பவரை நோக்கியே பேசுகின்றன. திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரமும் அப்படித்தான். வருபவரின் முகம் வாடாமல் காப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு என்பதில் அதன் அக்கறை முழுவதும் இருக்கிறது. இஸ்லாமிய மரபு இன்னொரு பக்கத்தையும் பேசுகிறது. விருந்துபசாரம் மூன்று நாள், அதற்கு மேல் அளிப்பது தர்மம் என்று வகுக்கும் நபிமொழி, வீட்டாருக்குச் சுமையாகும் அளவுக்கு விருந்தினர் தங்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஜகாத் எனும் கட்டாயக் கொடையைப் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். பயணிக்கு உரிமை உண்டு, எல்லையும் உண்டு. பயணி பணக்காரராக இருப்பதாலோ, பெறும் ஒவ்வொன்றுக்கும் விலை கொடுப்பதாலோ அந்த எல்லை அழிந்துவிடுவதாக இந்த மரபு கருதவில்லை.

மாலத்தீவின் வரலாற்றிலேயே இதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. 1343-இல் அங்கே வந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா காஜியாக, அதாவது நீதிபதியாக, நியமிக்கப்பட்டார். வீடும் அடிமைகளும் பரிசுகளும் பெற்றார். உயர்குடிப் பெண்களை மணந்தார். இடுப்புக்கு மேல் மூடாமல் நடமாடிய தீவுப் பெண்களை உடுத்தச் செய்ய முயன்று, தன் நீதிமன்றத்துக்கு வெளியே அது பலிக்கவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அரண்மனையுடன் மோதி 1344-இல் வெளியேறி, இலங்கை வழியாக மதுரை சுல்தானிடம் போய்ச் சேர்ந்தார். சிறப்பாக உபசரிக்கப்பட்ட விருந்தினர் வீட்டாரின் வாழ்க்கையைத் தன் விருப்பப்படி திருத்த முற்பட்ட கதை இது. உடை விஷயத்தில் இன்று தீவினர் விருந்தினரிடம் கேட்பது, அன்று அந்த விருந்தினர் தீவினரிடம் கேட்டதைப் போன்றது என்பது வரலாற்றின் விசித்திரம்.

இனி இன்பத்தின் நியாயத்துக்கு வரலாம். சொகுசு விடுமுறையே தவறு என்று சொல்லும் துறவு மரபுகள் எல்லாச் சமயங்களிலும் உண்டு. ஆனால் கவனமாகச் சிந்தித்தவர்கள் அவ்வளவு எளிதாக முடித்துவிடவில்லை. குர்ஆன் உண்பதையும் பருகுவதையும் அலங்கரித்துக்கொள்வதையும் அனுமதித்து, வரம்பு மீறுவதைக் கண்டிக்கிறது. இமாம் கஸ்ஸாலி, களைத்த உள்ளத்துக்குக் கேளிக்கை மருந்தாகும் என்றும், மருந்தைப் போலவே அதற்கு அளவு வேண்டும் என்றும் கருதினார். அரிஸ்டாட்டில் இதில் ஒரு முக்கியமான பிரிவினையைச் செய்கிறார். விளையாட்டும் இளைப்பாறலும் மீண்டும் உழைப்பதற்காக; ஓய்வு என்பதோ உழைப்பின் நோக்கமே, மனிதன் தன் சிறந்த ஆற்றல்களைப் பயன்படுத்தும் நேரம். அந்த அளவுகோலில், அலுவலகத்துக்குப் புத்துணர்வோடு திரும்புவதற்கான விடுமுறை இன்னும் அலுவலகத்துக்கே சொந்தமானது.

போகவாதி என்று பிழையாகப் பெயர் வாங்கிய எபிகூரஸ் சொல்வது இந்தப் பயணத்துக்கு இன்னும் நெருக்கமானது. ரொட்டியும் தண்ணீரும் பசித்தவனுக்கு உச்ச இன்பம் தரும். ஆடம்பரத்தை விலக்க வேண்டியதில்லை. ஆனால் அது தேவைப்படாதவர்கள்தாம் அதை நன்றாக அனுபவிப்பார்கள். ஆண்டுக்கணக்கில் சேமித்து ஒரே முறை வருபவர்களுக்கு இது ஆறுதலான செய்தி. பழகிவிட்ட பணக்காரரைவிட அவர்களுக்கே அந்த நீலம் முழுமையாகக் கிடைக்கும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கொடுத்த பணத்துக்கு ஈடாக ஒவ்வொரு மணி நேரத்திலும் மகிழ்ச்சியைக் கறந்துவிட வேண்டும் என்ற பதற்றம் அது. டால்பின் படகு, ஜெட்ஸ்கி, மசாஜ், மணல்திட்டில் இரவு விருந்து என்று நாள் முழுதும் அட்டவணை போட்டுக்கொள்பவர் தன் ஊர் வாழ்க்கையின் அவசரத்தைப் பெட்டியில் வைத்து எடுத்து வந்தவர். இடம் மாறியும் மனம் மாறாதவனைக் கடல் கடந்த பயணம் குணப்படுத்தாது என்று ரோமானியத் தத்துவஞானி செனெகா தன் கடிதம் ஒன்றில் எச்சரித்திருக்கிறார். முதல் பயணத்துக்கு ஐந்து இரவுகள், அதிகம் போனால் இரண்டு தீவுகள் என்ற அளவு போதுமானது. அட்டவணையில் பாதியாவது காலியாக இருக்கட்டும்.

பருவத் தேர்விலும் இந்த மனநிலை வெளிப்படும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று வீசும் வறண்ட காலம். உள்ளூர் வழக்கில் இருவை. வானமும் கடலும் தெளிந்திருக்கும், கட்டணம் உச்சத்தில் இருக்கும். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவமான ஹுளங்கு. மழையும் காற்றும் உண்டு, கட்டணம் கணிசமாகக் குறையும். விளம்பரப் படத்தில் உள்ள வானம் வேண்டுமென்பவர்கள் முதலாவதைத் தேர்வார்கள். ஆனால் பா பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள ஹனிஃபரு விரிகுடாவுக்கு மாண்டா திருக்கைகள் பெருங்கூட்டமாக வருவது இரண்டாவது பருவத்தில். அந்தக் காற்றும் நீரோட்டமும்தான் அவற்றின் உணவான மிதவை உயிரிகளை அங்கே கொண்டுவந்து குவிக்கின்றன. 2011-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த அந்தப் பகுதியில் ஸ்கூபாவுக்கு அனுமதி இல்லை. முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மேற்பரப்பில் மிதந்தபடி பார்க்கலாம். தீவின் கால ஒழுங்குக்கு ஏற்பத் தன் விருப்பத்தை வளைத்துக்கொள்பவருக்கு மழைக்காலமும் நல்ல காலமே.

மாலே விமான நிலையத்திலிருந்து ரிசார்ட்டுக்குச் செல்வது பயணத்தின் இன்னொரு செலவு. பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். அருகிலுள்ள தீவுகளுக்கு விரைவுப் படகு. தொலைவில் உள்ளவற்றுக்குக் கடல் விமானம் அல்லது உள்நாட்டு விமானமும் படகும். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும் என்பதால், மாலையில் வந்திறங்குபவர் மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ ஓர் இரவு தங்க நேரிடும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. சில ரிசார்ட்டுகள் தங்கள் கடிகாரத்தை மாலே நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னே வைத்துக்கொள்கின்றன. காலையில் நெடுநேரம் உறங்கலாம், மாலை வெளிச்சமும் நீளும். விமானங்களோ மாலே நேரப்படி இயங்குகின்றன. ஆகவே எந்தக் கடிகாரப்படி படகு வரும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நேரத்தையே விருந்தினருக்காக நகர்த்தி வைக்கும் இடத்தில், விருந்தினர் எதையும் நகர்த்திக்கொள்ளத் தேவையில்லை என்ற எண்ணம் எளிதில் வேரூன்றிவிடும்.

தங்கும் அறைகளில் அதிக விலையுள்ளது கடல்மேல் தூண்களில் நிற்கும் வில்லா. அதில் தங்க ஆசைப்படுவதில் தவறில்லை. ஆயினும் விருந்தினரின் ரசனை இங்கே கடலையே மாற்றியிருக்கிறது. வெண்மணலின் மேல் பளிங்கு நீர் வேண்டும் என்று வந்தவர்கள் விரும்பியதால், கருமையாகத் தெரிந்த கடற்புல்லைச் சில ரிசார்ட்டுகள் பிடுங்கி எறிந்தன. பச்சை ஆமைகள் மேய்வது அந்தப் புல்லில்தான். 2019-இல் அதற்கு எதிராக எழுந்த இயக்கத்தின் பின் பல ரிசார்ட்டுகள் தங்கள் எல்லையில் உள்ள கடற்புல்லைக் காப்பதாக உறுதியளித்தன. விருந்தினர் எதை அழகு என்று நினைக்கிறாரோ அதுவே கடலடியில் எது வாழும் என்பதைத் தீர்மானிக்கிறது என்றால், அழகுணர்ச்சியும் அறத்தின் கணக்கில் வந்துவிடுகிறது. முன்பதிவு செய்யும்போதே தீவையொட்டிய பவளப்பாறை எப்படி இருக்கிறது, கடற்புல் விடப்பட்டிருக்கிறதா என்று கேட்பவர்கள் கூடினால் ரிசார்ட்டுகள் கவனிக்காமல் இருக்க முடியாது.

பாறையருகே முகத்தை நீரில் அமிழ்த்தி அசையாமல் மிதந்தால் கரகரவென்று ஓர் ஓசை காதில் விழும். கிளிமீன்கள் தங்கள் அலகு போன்ற பற்களால் பவளப்பாறையைச் சுரண்டித் தின்னும் ஓசை அது. தின்ற சுண்ணாம்பை அவை அரைத்து மணலாக வெளியேற்றுகின்றன. மாலத்தீவுக் கரைகளின் வெண்மணலில் பெரும்பங்கு இப்படி உண்டானது. உயிரோடிருக்கும் பாறையிலிருந்துதான் தீவு உண்டாகிறது, உயிரோடிருக்கும் பாறைதான் அலையிலிருந்து அதைக் காக்கிறது. நாட்டின் நிலப்பரப்பில் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. 1998-இலும் 2016-இலும் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. 2009 அக்டோபரில் அன்றைய அதிபர் நஷீத் தன் அமைச்சரவையைக் கடலுக்கடியில் கூட்டி உலகுக்குச் சொன்னது இந்த ஆபத்தைத்தான். விருந்தினரை ஏற்றி வரும் விமானத்தின் புகையும் அந்த வெப்பத்தில் பங்கு வகிக்கிறது. இந்தக் கணக்கை எந்த ஈடுசெய்யும் திட்டமும் முழுதாகத் தீர்த்துவிடாது. அடிக்கடி குறுகிய பயணம் போவதைவிட அரிதாகச் சென்று நிதானமாகத் தங்குவது இதில் குறைந்த தீங்கு.

தண்ணீரைப் பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டும். ரிசார்ட் தீவுகளில் குளிக்கும் நீர் பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்துப் பெறுவது. அதை இயக்கும் மின்சாரம் பெரும்பாலும் டீசலிலிருந்து வருகிறது. அரிசி முதல் ஆப்பிள் வரை, மீனும் தேங்காயும் நீங்கலாக, ஏறத்தாழ எல்லா உணவும் கப்பலிலோ விமானத்திலோ வருகிறது. மிஞ்சும் குப்பையில் பெரும்பகுதி மாலே அருகே 1990களில் குப்பைக்கென்றே உருவாக்கப்பட்ட திலஃபுஷி தீவுக்குப் போகிறது. ஓடும் ஆற்றங்கரையில் தொழுகைக்கு முன் ஒளுச் செய்து உடலைத் தூய்மைப்படுத்தினாலும் நீரை வீணாக்கக் கூடாது என்பது முஸ்லிம்கள் நன்கறிந்த நபிமொழி. ஏராளமாக இருப்பதாலேயே வீணடிப்பது சரியாகிவிடாது என்பது அதன் உட்பொருள். நாற்புறமும் நீர் சூழ்ந்த தீவில் குளியலறைக் குழாயைத் திறந்துவிடும்போது அந்தப் பொருள் மிகவும் கூர்மையாகிறது. கடல்மேல் வில்லாக்கள் பலவற்றில் தனித்தனி நீச்சல் குளங்களும் உண்டு. அது உண்மையில் தேவைதானா என்று முன்பதிவின்போது ஒரு கணம் யோசிப்பதற்குச் செலவொன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை நண்பகலில் ரிசார்ட் தீவின் இன்னொரு முகம் தெரியும். விருந்தினர் அறைகளிலிருந்து மறைவாக, பெரும்பாலும் தீவின் நடுவிலோ பின்புறத்திலோ, ஊழியர் குடியிருப்பு இருக்கும். அங்கே ஒரு பள்ளிவாசலும் இருக்கும். காலையில் மேசையில் பழம் நறுக்கி வைத்தவரும், படகில் கயிறு கட்டியவரும் சீருடை மாற்றிக்கொண்டு ஜும்ஆ தொழுகைக்கு அங்கே போவார்கள். ரமலானில் தண்ணீர் கூடக் குடிக்காமல் நோன்பிருப்பவர்களே மதிய உணவும் பழச்சாறும் பரிமாறுகிறார்கள். விருந்தினர் மனக்கூச்சம் கொண்டு உண்ணாமல் இருக்க வேண்டியதில்லை. பரிமாறுபவரும் அதை எதிர்பார்ப்பதில்லை. நோன்பு திறக்கும் பத்து நிமிடத்தில் அவரை மேசைக்கு அழைக்காமல் இருந்தால் போதும். அந்த நேரத்தைத் தெரிந்துவைத்திருப்பது விருந்தினர் செலுத்தும் மரியாதை. பணியாளர்களில் கணிசமானோர் வங்கதேசம், இந்தியா, இலங்கை, நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். உள்ளூர்க்காரர்களிலும் பலர் தங்கள் சொந்தத் தீவைப் பிரிந்து மாதக்கணக்கில் இங்கே தங்குபவர்கள். விருந்தளிப்பவரை எங்கே தேடுவது என்ற கேள்விக்கு முதல் பதில் இவர்கள்தாம். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும், எந்தத் தீவு, எந்த ஊர் என்று விசாரிப்பதும் சிறிய செயல்கள். ஆயினும் முகமில்லாச் சேவை மனிதர் அளிக்கும் விருந்தாக மாறுவது அங்கிருந்துதான்.

ஊர்த் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் நடத்த 2009-க்குப் பிறகு அனுமதி வந்தது. மாஃபுஷி, துலுஸ்தூ போன்ற தீவுகளில் உள்ளூர்க் குடும்பங்கள் இன்று பயணிகளை ஏற்கின்றன. பயண வருவாய் ரிசார்ட் முதலாளிகளைத் தாண்டிச் சாதாரணக் குடும்பங்களுக்கு நேரடியாகப் போய்ச் சேர இது வழிவிட்டது. அந்த வகையில் முன்பிருந்த தனிமைக் கொள்கையைவிட நீதியானது. சொகுசு ரிசார்ட்டில் தங்குபவரும் முதல் இரண்டு இரவுகளை இங்கே கழிக்கலாம், கழிக்கவும் வேண்டும். காலையில் சூரை மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் பிசைந்த மாஸ்ஹுனியை ரொட்டியோடு உண்ணலாம். கயிற்று வலையால் பின்னிய ஜோலி இருக்கையில் உட்கார்ந்து, மாலையில் ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பதிலுக்கு விதிகள் உண்டு: மது கிடையாது, பயணிகளுக்கென்று ஒதுக்கிய கரை தவிர மற்ற இடங்களில் தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும், பாங்கு ஒலிக்கும்போது கடைகள் சிறிது நேரம் அடைத்திருக்கும், வெள்ளிக்கிழமைகளில் பொதுப் படகுகள் பெரும்பாலும் ஓடாது. இவற்றைத் தொல்லை என்று கருதுபவர் நேராக ரிசார்ட்டுக்கே போகலாம், அதற்கான ஏற்பாடு இருக்கிறது. ஆனால் வீட்டார் வாழும் வீட்டில் தங்குவதன் பொருளை இந்தச் சிறு இடைஞ்சல்கள் கற்றுத் தரும் அளவுக்கு ரிசார்ட்டின் எந்த வசதியும் கற்றுத் தராது.

செலவைக் கணக்கிடும்போது அறைவாடகையோடு முடிவதில்லை. 2025 ஜூலை முதல் சுற்றுலாச் சேவைகளுக்கான வரி 17 சதவீதம். 2015-இல் தொடங்கிய பசுமை வரி ரிசார்ட்டுகளில் தலைக்கு, இரவுக்கு 12 டாலராக 2025 ஜனவரியில் உயர்ந்தது. பத்து சதவீதச் சேவைக் கட்டணம் ஊழியர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அதற்கு மேல் தனியே அன்பளிப்பு தருவது வழக்கத்தில் உண்டு. கண்ணில் படும் பரிமாறுபவருக்கு மட்டுமன்றி, சமையற்கட்டிலும் சலவையறையிலும் இருப்பவர்களுக்கும் சேரும்படி ரிசார்ட்டின் பொது உண்டியலில் போடுவது நேர்மையான வழி.

திரும்பும் நாளுக்கும் சில ஏற்பாடுகள் தேவை. ஸ்கூபா மூழ்கியவர் விமானம் ஏறுமுன் 18 முதல் 24 மணி நேர இடைவெளி விட வேண்டும். கடல் விமானத்துக்கும் இது பொருந்தும் என்பதால் கடைசி நாளுக்கு முந்தைய நாளிலேயே மூழ்கலை முடித்துக்கொள்ள வேண்டும். பவளத்துண்டு, ஆமையோடு ஆகியவற்றை நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது குற்றம். கரையில் தானாகக் கிடந்தது என்ற விளக்கம் சுங்கத்தில் எடுபடாது. சங்கும் சிப்பியும்கூடக் கிடந்த இடத்திலேயே இருப்பது முறை, ஏனென்றால் காலியான சங்கில் அடுத்துக் குடியேறக் காத்திருக்கும் துறவி நண்டுகள் அந்தக் கரையில் ஏராளம்.